அரிசோனாவில் அழிந்த புழு குஜராத்தில் எப்படிப் பிழைத்தது?

விதைத்து நூறு நாள் தாண்டிய பருத்திக் காட்டில் இறங்கி, ஏக்கருக்கு இருபது பச்சைக் காயை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பறியுங்கள். பிஞ்சும் வேண்டாம், முற்றியதும் வேண்டாம். பூத்துப் பதினைந்து இருபது நாளான, விரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்குகிற காய்தான் சரி. வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. கத்தியால் சுளை சுளையாகப் பிளந்த பிறகுதான் விஷயம் வெளிவரும்: சுளைச் சுவரின் உட்புறத்தில் மருப்போல ஒரு தடிப்பு, பஞ்சில் பழுப்புக் கறை, கொட்டைக்குள் கருந்தலையோடு ஒரு புழு. இதுதான் இளஞ்சிவப்புக் காய்ப்புழு. இளம் பருவத்தில் அது வெள்ளையாகத்தான் இருக்கும். வளர்ந்த பிறகே உடம்பில் இளஞ்சிவப்புப் பட்டை விழும். இருபது காயில் இரண்டில் புழு இருந்தால் பத்து சதவீதம்; நடவடிக்கை எடுத்தே ஆகவேண்டிய எல்லை அதுதான்.

பி.டி. விதை, அதாவது ஒரு பாக்டீரியாவின் நச்சு மரபணுவை ஏற்றிய விதை, போட்ட காட்டில் இந்தப் புழு இருக்கவே கூடாது. அதைக் கொல்லும் நச்சு அந்தச் செடியின் ஒவ்வொரு இலையிலும் காயிலும் ஊறியிருக்கிறது. ஆனாலும் 2014-க்குப் பிறகு குஜராத், மகாராஷ்டிரம், தெலங்கானா, பிறகு பஞ்சாப், ராஜஸ்தான் என்று காய்க்குள் உட்கார்ந்தபடியே இந்தப் புழு நாட்டைச் சுற்றி வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தின் விதர்ப்பாவில் இதற்குப் பெயர் குலாபி போண்ட்அளி, பஞ்சாபில் குலாபி சுண்டி. இதே காலத்தில், இதே மரபணு கொண்ட பருத்தியை வைத்து அமெரிக்கா இந்தப் புழுவைத் தன் நாட்டிலிருந்தே துடைத்தெறிந்தது. மருந்து ஒன்றுதான். அதைப் பயிரிட்ட முறைதான் வேறு. அந்த வேறுபாட்டைத்தான் இங்கே பார்க்கிறோம்.

நச்சு வேலை செய்யும் விதம்

பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) என்பது மண்ணில் சாதாரணமாக வாழும் பாக்டீரியா. அது உண்டாக்கும் படிகப் புரதங்களில் ஒன்று க்ரை1ஏசி. புழுவின் நடுக்குடல் காரத்தன்மை உடையது. அங்கே புரதம் கரைகிறது, செரிமான நொதிகள் அதை வெட்டிக் கூர்மைப்படுத்துகின்றன, பிறகு அது குடல் சுவரில் உள்ள கேட்ஹெரின் என்ற ஏற்பிப் புரதத்தைப் பற்றிக்கொண்டு சுவரில் துளை போடுகிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. நம் வயிறு அமிலத்தன்மை உடையது, அந்த ஏற்பியும் நம் குடலில் கிடையாது.

இந்தப் பூட்டு-சாவி ஏற்பாட்டில் ஒரு பலவீனம் இருக்கிறது. பூட்டின் வடிவம் கொஞ்சம் மாறினாலும் சாவி நுழையாது. கேட்ஹெரின் மரபணுவில் பிழை உள்ள புழுவை க்ரை1ஏசி ஒன்றும் செய்யாது. இரண்டாவது நச்சான க்ரை2ஏபி-க்கு ஏபிசிஏ2 என்ற இன்னொரு புரதம் தேவை. அதிலும் பிழை சேர்ந்துவிட்டால் இரண்டு சாவியும் வீண். இந்தியப் புழுக்களில் ஆய்வகங்கள் கண்டது இதைத்தான்: கேட்ஹெரினும் சிதைந்திருந்தது, ஏபிசிஏ2-வும் சிதைந்திருந்தது.

2002 முதல் 2014 வரை

மத்திய அரசின் மரபணுப் பொறியியல் ஒப்புதல் குழு 2002 மார்ச்சில் மூன்று வீரிய ஒட்டு ரகங்களுக்கு அனுமதி கொடுத்தது: மெக்-12, மெக்-162, மெக்-184. மூன்றிலும் இருந்தது க்ரை1ஏசி மட்டும். அதற்கு முந்தைய ஆண்டே குஜராத்தில் அனுமதியில்லாத நவபாரத்-151 விதை ஆயிரக்கணக்கான ஏக்கரில் விளைந்துகொண்டிருந்தது அம்பலமானது. விவசாயிகள் அனுமதிக்குக் காத்திருக்கவில்லை, காரணமும் இருந்தது. அன்றைய முதல் எதிரி இளஞ்சிவப்புப் புழு அல்ல. ஹெலிகோவெர்ப்பா என்ற அமெரிக்கன் காய்ப்புழு. வாரம் ஒருமுறை மருந்தடித்தும் அது அடங்கவில்லை. 2006-இல் இரண்டு நச்சும் சேர்ந்த போல்கார்ட்-2 வந்தது.

நாட்டின் பஞ்சு உற்பத்தி 2001-02-இல் 158 லட்சம் பேல் (பேல் என்பது 170 கிலோ). 2013-14-இல் 398 லட்சம் பேல். பாசனப் பரப்பு, உரம், புது ரகங்கள் எல்லாம் இந்த உயர்வில் பங்கு கேட்கும், கேட்கவும் வேண்டும். ஆனால் காய்ப்புழு மருந்துச் செலவு சட்டென்று இறங்கியது பி.டி.யால்தான். இதை மறைத்துவிட்டு அடுத்த பகுதியைச் சொல்வது நேர்மையாகாது.

குஜராத்தின் அம்ரேலியில் 2008-இல் எடுத்த மாதிரிகளில் க்ரை1ஏசி-யைத் தாங்கும் இளஞ்சிவப்புப் புழு கண்டுபிடிக்கப்பட்டது. விதை நிறுவனமே 2010 மார்ச்சில் அதை வெளியில் ஒப்புக்கொண்டது. போல்கார்ட்-2-க்கு மாறினால் போதும் என்பதே அன்று சொல்லப்பட்ட தீர்வு. ஆனால் ஒரு சாவி ஏற்கெனவே செல்லாது என்று ஆனபின் இரண்டு சாவி உள்ள பூட்டு என்பது பெயருக்குத்தான். க்ரை2ஏபி தனியாளாக நின்றது. 2014-15-இல் குஜராத்தில் இரண்டு நச்சையும் மீறிப் புழு காய்க்குள் வளர்ந்தது. 2017-18-இல் விதர்ப்பா கண்ணீர் விட்டது. 2021-இல் பஞ்சாபின் பட்டிண்டா, மான்சா. 2023-இல் ராஜஸ்தானின் ஸ்ரீகங்காநகர், ஹனுமன்கர் பகுதிகள்.

ஒன்றை மறக்கக் கூடாது. அமெரிக்கன் காய்ப்புழு இந்த இருபது ஆண்டிலும் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. அது பலபயிர் உண்ணி: துவரை, கொண்டைக்கடலை, தக்காளி எல்லாமே அதற்குச் சாப்பாடு. நச்சில்லாத அந்தப் பயிர்களில் வளர்ந்த அந்துப்பூச்சிகள் பருத்திக் காட்டுப் பூச்சிகளோடு கலந்து, எதிர்ப்பை நீர்க்கச் செய்தன. இளஞ்சிவப்புப் புழுவுக்கோ இந்தியாவில் பருத்தியை விட்டால் வேறு போக்கிடம் அநேகமாக இல்லை.

ஐந்து வரிசைக் கணக்கு

எதிர்ப்பு மரபணு ஆயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் அதை வாங்கிய, முழு எதிர்ப்புள்ள புழு பத்து லட்சத்தில் ஒன்றுதான் பிறக்கும். ஒரு பக்கம் மட்டும் வாங்கிய அரை எதிர்ப்புப் புழு ஆயிரத்தில் இரண்டு. செடியில் நச்சு அளவு போதிய உச்சத்தில் இருந்தால் அரை எதிர்ப்புப் புழு செத்துவிடும், முழு எதிர்ப்புள்ளது மட்டும் தப்பும். தப்பியது தன்னைப் போன்ற இன்னொன்றோடு சேர்ந்தால் பிள்ளைகள் எல்லாமே முழு எதிர்ப்பு. பக்கத்திலேயே நச்சில்லாப் பருத்தி இருந்து, அங்கிருந்து சாதாரண அந்துப்பூச்சிகள் நூற்றுக்கணக்கில் கிளம்பி வந்தால், தப்பிய ஒன்று அவற்றில் ஒன்றோடுதான் சேரும். பிறப்பது அரை எதிர்ப்பு. அடுத்த தலைமுறை செடியிலேயே முடிந்துவிடும். நச்சில்லாத அந்தப் பயிருக்குப் பெயர் புகலிடப் பயிர்.

சட்டம் அதைக் கேட்டது: பி.டி. பருத்தியைச் சுற்றி ஐந்து வரிசை, அல்லது பரப்பில் இருபது சதவீதம், எது அதிகமோ அது. அதற்காக 450 கிராம் பி.டி. விதைப் பாக்கெட்டோடு 120 கிராம் சாதா விதை தனியாகக் கொடுக்கப்பட்டது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் சுற்றிலும் ஐந்து வரிசையைப் புழுவுக்கு விட்டுக்கொடுத்தால் விளைச்சலில் எத்தனை போகும் என்று அவரே வரப்பில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார். சிறு பாக்கெட் பெரும்பாலும் வரப்போரத்திலோ குப்பையிலோ கிடந்தது. விதைத்த சிலருக்கும் ஏமாற்றம்தான். புகலிட விதை முளைப்புத்திறன் இல்லாமல் இருந்தது, அல்லது அதிலேயே பி.டி. கலந்திருந்தது, அல்லது பி.டி. ரகம் பூக்கும்போது அது பூக்காமல் பல நாள் பின்தங்கியது. அந்துப்பூச்சியின் ஆயுள் ஒன்றிரண்டு வாரம்தான். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பூச்சி கிளம்பாவிட்டால் புகலிடம் இருந்தும் இல்லாத மாதிரிதான். விவசாயியைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் செல்லுபடியாகாத விதையைக் கையில் கொடுத்துவிட்டு, நட்டாரா என்று யாரும் வந்து பார்க்காத ஒரு ஏற்பாட்டில், முதல் பிழை அவருடையது அல்ல.

ஒரே காய்க்குள் பதினாறு பங்கு

இந்த நோயின் வேர் விதையின் பிறப்பிலேயே இருக்கிறது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் எல்லாம் பி.டி.யை நிலையான ரகங்களில் ஏற்றின. அங்கே செடியின் இரண்டு பிரதியிலும் மரபணு உண்டு, காயின் எல்லாக் கொட்டையிலும் நச்சு உண்டு. இந்தியாவில் அது ஏறக்குறைய முழுக்க வீரிய ஒட்டில் ஏறியது. 1970-இல் சூரத்திலிருந்து வந்த ஹெச்-4 முதலே நமக்கு ஒட்டு விதைப் பழக்கம் உண்டு. வருடா வருடம் புது விதை வாங்கியாக வேண்டும் என்பதால் விதை வியாபாரத்துக்கும் அது தோதானது.

ஒட்டுச் செடியில் பெற்றோரில் ஒருவர் மட்டுமே பி.டி. ஆகவே ஒவ்வொரு நச்சு மரபணுவுக்கும் ஒரு பிரதிதான். அந்தச் செடி தன்மகரந்தத்தால் காய் வைக்கும்போது கொட்டைகள் பிரிந்துபோகும்: போல்கார்ட்-2 காயில் பதினாறு கொட்டைக்கு ஒன்பதில் இரண்டு நச்சும், மூன்றில் க்ரை1ஏசி மட்டும், மூன்றில் க்ரை2ஏபி மட்டும், ஒன்றில் எதுவுமே இல்லை. இலை தின்னும் பூச்சிக்கு இது பொருட்டே இல்லை. இளஞ்சிவப்புப் புழுவோ கொட்டை தின்னி. ஒரே காய்க்குள் அதற்குக் குறைந்த நச்சும், ஒற்றை நச்சும், நச்சே இல்லாத தீனியும் கிடைக்கிறது. அரை எதிர்ப்புப் புழு எங்கே சாகவேண்டுமோ அங்கேயே பிழைத்துக்கொள்ள வழி கிடைத்துவிட்டது. எதிர்ப்பை வளர்க்க ஒரு பயிற்சிக்கூடம் கட்டச் சொல்லியிருந்தால் இதைவிடப் பொருத்தமாகக் கட்டியிருக்க முடியாது.

ஒட்டு விதை விலை அதிகம், ஆகவே நெருக்கி விதைக்க முடியாது. நான்கடிக்கு இரண்டடி வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 5,400 செடி. செடி குறைவு என்பதால் ஒவ்வொன்றும் நிறையக் காய் பிடிக்கவேண்டும். அதற்கு நாளாகும். நூற்றைம்பது நாளில் முடியவேண்டிய பயிர் நூற்றெண்பது நாளைத் தாண்டும். தண்ணீர் உள்ள சௌராஷ்டிரத்தில் மார்ச், ஏப்ரல் வரைகூட விட்டுவைத்தார்கள். முட்டையிலிருந்து அந்துவரை இந்தப் புழுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம். பயிரின் பின்பாதியில்தான் அது பெருகும். வயதான செடியில் நச்சின் அளவும் இறங்கியிருக்கும். கூடுதலாகக் கிடைத்த அந்த இரண்டு மூன்று மாதம் புழுவுக்குக் கூடுதலாக இரண்டு மூன்று தலைமுறை.

அரிசோனாவும் யாங்சியும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பி.டி. பருத்தி 1996-இல் வந்தது. அங்கேயும் புகலிடம் சட்டம்தான், ஆனால் விவசாயிகள் உண்மையிலேயே நட்டார்கள், கண்காணிப்பும் இருந்தது. அறுவடை முடிந்ததும் குறிப்பிட்ட தேதிக்குள் செடியைப் பொடித்து உழுது மண்ணுக்குள் தள்ளியாக வேண்டும் என்ற விதி பி.டி.க்கு முன்பே இருந்தது. எதிர்ப்பு மரபணு அங்கேயும் இருந்தது. ஆய்வகத்தில் சில தலைமுறையிலேயே எதிர்ப்புப் புழுவை வளர்த்துக் காட்ட முடிந்தது. வயலில் மட்டும் அது தலைதூக்கவே இல்லை.

2006 முதல் அவர்கள் புகலிடத்தையே விட்டுவிட்டு வேறு வழிக்குப் போனார்கள். ஃபீனிக்ஸ் நகரில் உள்ள வளர்ப்புக்கூடத்தில் கோடிக்கணக்கில் புழுவை வளர்த்தார்கள். தீனியில் சிவப்புச் சாயம் கலந்திருக்கும். பொறியில் விழும் அந்துவை நசுக்கினால் சிவந்தால் அது கூடத்துப் பூச்சி, சிவக்காவிட்டால் காட்டுப் பூச்சி. கதிரியக்கத்தால் மலடாக்கி, குளிரில் மயக்கி, சிறு விமானத்திலிருந்து பருத்திக் காட்டின் மேல் கொட்டினார்கள். பி.டி. செடியில் தப்பிய ஒன்றிரண்டு காட்டுப் பூச்சியைச் சுற்றி மலட்டுப் பூச்சிக் கூட்டம். சேர்ந்தாலும் முட்டை பொரியாது. இனக்கவர்ச்சிப் பொருளால் கலவியைக் குழப்புவதும் கூடவே நடந்தது. 2018 அக்டோபரில் அமெரிக்க வேளாண் துறை, நாட்டின் பருத்தி வயல்களில் இந்தப் புழு இல்லை என்று அறிவித்தது.

சீனாவின் யாங்சிப் பள்ளத்தாக்குக் கதை இன்னும் சுவாரஸ்யமானது, ஏனென்றால் அங்கே புகலிடச் சட்டமே கிடையாது. க்ரை1ஏசி ஒன்றுதான். 2010 வாக்கில் எதிர்ப்பு மெல்ல ஏறத் தொடங்கியது. அதே நேரத்தில் விதை நிறுவனங்கள் பி.டி. ரகத்தையும் சாதா ரகத்தையும் ஒட்டி, அதன் இரண்டாம் தலைமுறை விதையை மலிவாக விற்க ஆரம்பித்தன. இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு செடிக்கு நச்சே இருக்காது. விவசாயி நினைக்காமலே புகலிடம் வயல் முழுக்கத் தூவப்பட்டுவிட்டது. ஏறிய எதிர்ப்பு இறங்கியது. பதினொரு ஆண்டு ஆறு மாகாணங்களில் எடுத்த கணக்கு இது, 2017-இல் வெளியானது. இந்தியக் காயில் நடந்த அதே மரபுப் பிரிவுதான் இது. அங்கே பிரிந்தது செடிக்குச் செடி. நச்சில்லாச் செடியில் வளர்ந்தவை சாதாரணப் பூச்சிகள். இங்கே பிரிந்தது கொட்டைக்குக் கொட்டை; ஒரே புழு நச்சுள்ளதையும் இல்லாததையும் கலந்து தின்று பழகியது.

இப்போது காட்டில் செய்யக்கூடியது, தவறக்கூடியது

மருந்தடிப்பில் பலர் ஏமாறுவது நேரக்கணக்கில். முட்டை காயின் புல்லிவட்டத்துக்கு அடியில் இருக்கும். பொரித்த புழு சற்று நேரத்துக்குள் காயைத் துளைத்து உள்ளே போய்விடும், துளையும் ஆறி மூடிவிடும். அதற்குப் பிறகு எந்த மருந்தும் உள்ளே எட்டாது. ஆகவே கெடு புழுவைப் பார்த்து வைப்பதல்ல, அந்துப்பூச்சியைப் பார்த்து வைப்பது. விதைத்த 45-ஆம் நாளில் ஏக்கருக்கு இரண்டு இனக்கவர்ச்சிப் பொறி, செடி நுனிக்கு ஓரடி மேலே. செடி வளர வளரப் பொறியையும் உயர்த்தவேண்டும். இதைத்தான் மறக்கிறார்கள், இலைக்குள் புதைந்த பொறியில் பூச்சி விழாது. ஒரு பொறியில் இரவுக்கு எட்டு அந்து, தொடர்ந்து மூன்று இரவு விழுந்தால் அடுத்த வேலையைத் தொடங்கலாம். பெருமளவில் பிடித்து ஒழிக்க ஏக்கருக்கு எட்டுப் பொறி. கவர்ச்சிக் குப்பி இளஞ்சிவப்புப் புழுவுக்கானதா என்று உறையைப் படித்து வாங்கவேண்டும். ஹெலிகோவெர்ப்பா குப்பியை மாட்டிவிட்டு, பொறி காலியாக இருக்கிறது, புழு இல்லை என்று நிம்மதியாக இருந்துவிட்டால் காய் பிளக்கும்போதுதான் உண்மை தெரியும்.

பூவில் முதல் தலைமுறையைக் கண்ணால் பிடிக்கலாம். இதழ்களைப் புழு நூலால் கட்டிவிடுவதால் விரியாமல் ரோஜா மொட்டுப் போலச் சுருண்டு நிற்கும். விதர்ப்பாவில் அதை டோம்களி என்பார்கள். கிள்ளி எடுத்து வாளியில் போட்டு அழிப்பது வேலைதான். ஆனால் ஒரு டோம்களியை அழிப்பது பின்னால் வரும் பல காய்களைக் காப்பது.

சைபர்மெத்ரின், லாம்டா சைஹலோத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்தைப் பயிரின் முன்பாதியில் அடித்தால் இயற்கை எதிரிகள் செத்து வெள்ளை ஈ கிளம்பும். பிறகு அதற்கொரு மருந்து, அதன்மேல் இன்னொன்று. 2017-இல் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் நச்சேறி இறந்தார்கள். ஆள் உயரம் வளர்ந்த செடிக்குள், முகமூடி இல்லாமல், இரண்டு மூன்று மருந்தைக் கலந்து அடிப்பது எந்தப் புழுவுக்காகவும் செய்யத் தகாதது.

2016 இறுதியில் அரசு புகலிடத்தைப் பாக்கெட்டுக்குள்ளேயே கலக்க ஆணையிட்டது. 475 கிராம் பாக்கெட்டில் ஐந்து முதல் பத்து சதவீதம் சாதா விதை. விவசாயி தனியாக எதுவும் நடவேண்டாம். இளஞ்சிவப்புப் புழு செடிவிட்டுச் செடி தாவாது என்பதால் இந்தக் கலவை அதற்குப் பொருந்தும். 2006-இல் வந்திருந்தால் பெரும் காரியமாக இருந்திருக்கும். எதிர்ப்புப் புழுவே பெரும்பான்மையான ஊரில் இருபதில் ஒரு செடி எவ்வளவு நீர்க்கச் செய்துவிட முடியும்? 2009-க்குப் பிறகு புதிய பூச்சி எதிர்ப்பு மரபணு எதுவும் இந்தியப் பருத்திக்கு அனுமதி பெறவில்லை. விதை விலைக்கும் உரிமத் தொகைக்கும் உச்சவரம்பு வைத்தது 2015-16-இல் பெரும் வழக்காகி இழுத்தது.

ஆகவே இன்று மிஞ்சியிருக்கும் வலுவான ஆயுதம் காலண்டர். கடைசிப் பறிப்பை டிசம்பரோடு முடித்து, செடியைப் பொடித்து, அடுத்த ஜூன் மழைவரை அந்த வட்டாரத்தில் பருத்தியே இல்லாமல் வைத்தால், உறங்கிக்கிடந்த புழு அந்தாகி வெளிவரும்போது முட்டையிடப் பூவோ காயோ இருக்காது. ஒரு காட்டுக்காரர் மட்டும் செய்து பலனில்லை, ஊரே செய்யவேண்டும். மே மாதத்தில் கிணற்றுத் தண்ணீரில் முன்கூட்டி விதைத்த ஒரே ஒரு காடு போதும், மொத்த ஊருக்கும் புழு பெருக்கிக் கொடுக்க.

தமிழ்நாட்டில் இது கூடுதல் சிக்கல். சேலம், பெரம்பலூரில் ஆடி ஆவணியில் விதைப்பு. விருதுநகர்ப் பக்கம் புரட்டாசி ஐப்பசி மானாவாரி. திருவாரூர், நாகையில் சம்பா அறுத்த தரிசில் தை மாசியில் விதைப்பு. மாநிலத்தில் எங்காவது ஒரு மாவட்டத்தில் எப்போதும் பருத்தி காயாக நிற்கிறது. டெல்டா வயலுக்கு அடுத்த சம்பாவின் தேங்கிய தண்ணீர் மண்ணில் உறங்கும் புழுவைத் தீர்த்துவிடும். ஆனால் அதே வயலின் பருத்திமார் அடுப்பெரிக்க வீட்டோரம் அடுக்கப்பட்டிருக்கும். அதில் வெடிக்காத காய்கள் காய்ந்து தொங்கும். புழு இரண்டு கொட்டையை நூலால் ஒட்டி நடுவில் சுருண்டு மாதக்கணக்கில் உறங்கும். இந்த இரட்டைக் கொட்டை வடிவில்தான் அது லாரியேறி அரவை ஆலைக்கும் எண்ணெய் ஆலைக்கும் போகிறது. வடமாநிலங்களுக்குள் அது முதலில் தென்பட்டதும் அத்தகைய ஆலைகளை ஒட்டிய வயல்களில்தான்.

கொட்டை என்பது சின்ன சமாசாரம் அல்ல. பறித்த பருத்தியின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு அதுதான். மாட்டுத் தீவனம், சமையல் எண்ணெய், மதுரைத் தெருவில் விற்கும் பருத்திப்பால்வரை அது போய்ச் சேருகிறது. அரவை ஆலை முற்றத்தில் நாலு இனக்கவர்ச்சிப் பொறி, சலித்து எடுத்த இரட்டைக் கொட்டையை அன்றன்றே எரிப்பது, விலை ஏறட்டும் என்று வீட்டில் குவித்த பருத்தியை வைகாசிக்கு முன் விற்றுவிடுவது, அடுக்கிய மாரில் தொங்கும் காய்களை உருவி அடுப்பில் முதலில் போடுவது. வரும் பருவத்தில் உங்கள் பொறியில் விழப்போகும் எட்டு அந்துகள் இப்போது இருப்பது அந்தக் குவியலுக்குள்ளும் அந்த மாருக்குள்ளும்தான்.